நின்ன செலவு

மாசி பிறந்துவிட்டால் தென்காசி டாக்சி ஸ்டாண்டில் வண்டி வரிசை குலையாது. காலையில் முதலாவதாக நின்ற அம்பாசடர் சாயங்காலமும் முதலாவதாகவே நிற்கும். டிரைவர்கள் வேப்பமரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். யாராவது ஒருவர் எழுந்து போய், ஏற்கெனவே துடைத்த பானட்டை இன்னொரு தடவை துடைத்துவிட்டு வந்து உட்காருவார். பள்ளிக்கூடம் விட்டு அந்த வழியாக வரும்போது அப்பாவின் வண்டி எத்தனையாவதாக நிற்கிறது என்று எண்ணிக்கொண்டே வருவேன். காலையில் பார்த்த இடத்திலேயே நின்றால், அன்று ராத்திரி வீட்டில் பேச்சு குறைவாக இருக்கும்.

எங்கள் வீட்டுக்கென்று ஒரு வருஷக் கணக்கு உண்டு. ஆனி, ஆடி, ஆவணி குற்றாலத்துச் சாரல் சீசன். கார்த்திகை முதல் தேதியிலிருந்து மகரஜோதி வரை மாலை போட்ட சாமிகள். செங்கோட்டை, ஆரியங்காவு, புனலூர் வழியாகப் பம்பை. இந்த ஐந்து மாதத்தில் அப்பா வீட்டில் படுத்துத் தூங்குவதே அபூர்வம். மற்ற ஏழு மாதமும் ஒரு கல்யாணம், ஒரு திருநெல்வேலி ஆஸ்பத்திரி, ஒரு திருவனந்தபுரம் விமான நிலையம் என்று எப்போதாவது வரும் சவாரிதான்.

அப்பா முதன்முதலாகச் சொந்த வண்டி வாங்கியது 1987-ல். அதுவரை முதலாளி வண்டிதான் ஓட்டினார். பழைய டீசல் அம்பாசடர், விலை 60,000 ரூபாய். அம்மாவின் நகையையும் சேர்த்து 20,000 புரட்டினார்கள். மீதி 40,000 ஒரு ஃபைனான்ஸ்காரரிடம். வட்டி 18 சதவீதம், மூன்று வருஷத் தவணை. வருஷ வட்டி 7,200, மூன்று வருஷத்துக்கு 21,600, அசலோடு 61,600. 36 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 1,711 ரூபாய் டியூ. ஃபைனான்ஸ்காரர் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் காட்டிய கணக்கு இது. கூட்டல், பெருக்கல், வகுத்தல் எல்லாம் சரியாகத்தான் இருந்தன.

அதிலிருந்த கோளாறு அப்பாவுக்குப் பல வருஷம் கழித்துத்தான் பிடிபட்டது. அவரே என்னிடம் சொன்னார்: "ஒன்றரை வருசத்துல பாதி அசல் கட்டிருவேன்லா. அப்ப அவன் ரூவா எங்கிட்ட இருவதாயிரம்தான் இருக்கு. ஆனா கடைசி மாசம் வரைக்கும் நாப்பதாயிரத்துக்கு வட்டி வாங்குதான்." ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். எந்த அட்டவணையும் பார்க்காமல் கண்டுபிடித்தார். பின்னாளில் நான் பி.காம். படிக்கும்போது, குறையும் பாக்கிக்கு மட்டும் வட்டி என்ற முறையில் அந்தக் கடனைப் போட்டுப் பார்த்தேன். 18 சதவீதம் என்று சொல்லப்பட்டது உண்மையில் 30 சதவீதத்துக்கும் மேலே இருந்தது.

1987 நாடு முழுக்கத் தென்மேற்குப் பருவமழை பொய்த்த வருஷம். குற்றாலத்தில் சாரல் சரியில்லை, கூட்டமும் இல்லை. சீசனில் சேர்த்துவைத்து மற்ற மாதங்களில் டியூ கட்டுவது என்பது அப்பாவின் திட்டம். சேர்க்கவே வழியில்லாமல் போயிற்று. சபரிமலைச் சவாரிகள் தை வரைக்கும் தாக்குப்பிடிக்க வைத்தன. மாசி, பங்குனி, சித்திரை மூன்று டியூவும் நின்றன. வைகாசியில் ஒருநாள் காலையில் இரண்டு பேர் வந்தார்கள். சண்டை, சத்தம் எதுவும் இல்லை. அப்பாவே சாவியை எடுத்துக் கொடுத்தார். முன்கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருந்த பிள்ளையாரைப் பெயர்த்து எடுத்துக்கொண்டார், சீட்டில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். வண்டி தெருமுனை திரும்பும் வரை நாங்கள் வாசலில் நின்றோம். எனக்குப் பன்னிரண்டு வயது.

அதற்கப்புறம் ஐந்து வருஷம் ஆக்டிங் டிரைவர். யார் கூப்பிட்டாலும் போவார். கிடைத்த படியில் மிச்சம்பிடித்துச் சீட்டு கட்டினார். அந்தச் சீட்டுப் பணத்தில் 1993-ல் மறுபடியும் ஒரு பழைய அம்பாசடர் வாங்கினார், கடனில்லாமல். அந்த வண்டியோடுதான் நோட்டும் வந்தது.

நீளமான கணக்கு நோட்டு. ஒவ்வொரு சவாரிக்கும் புறப்படுமுன் மீட்டரில் உள்ள கிலோமீட்டரை அவர் உரக்கச் சொல்ல, நான் எழுத வேண்டும். திரும்பி வந்ததும் மறுபடியும் சொல்வார். பக்கத்தின் நடுவில் கோடு கிழித்து, இடப்பக்கம் 'ஓடுன செலவு', வலப்பக்கம் 'நின்ன செலவு' என்று அப்பாவே தலைப்பு எழுதியிருந்தார். டீசல், என்ஜின் ஆயில், டயர், பிரேக் லைனிங், பஞ்சர் எல்லாம் இடப்பக்கம். வரி, இன்சூரன்ஸ், பெர்மிட், எஃப்.சி. வலப்பக்கம். வண்டியின் மதிப்பு வருஷா வருஷம் குறைவதையும் வலப்பக்கத்தில் சேர்த்திருந்தார். தேய்மானம் என்ற சொல்லை நான் கல்லூரியில் படிப்பதற்கு முன்பே, "வித்தா என்ன கொறையும்" என்ற பெயரில் அந்த நோட்டில் படித்துவிட்டேன்.

"கிலோமீட்டருக்கு என்ன அடக்கம்?" என்பதுதான் அவர் எப்போதும் கேட்கும் கேள்வி. கடைக்காரர்கள் அடக்க விலை என்று சொல்வார்களே, அந்த அடக்கம். டயரை எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு எங்களுக்கு ஒரு டயர் 1,200 ரூபாய்க்கு வந்தது. நான்கு டயர் 4,800. முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடும். வகுத்தால் கிலோமீட்டருக்கு 16 காசு. குற்றாலம் போய்வர பத்து கிலோமீட்டர் என்றால், டயரில் 1 ரூபாய் 60 காசு ரோட்டில் தேய்ந்து போகிறது. அந்தக் காசு கண்ணுக்குத் தெரியாது. டயர் மாற்றும் நாளில் 4,800-ஆக ஒரே தடவையில் வந்து நிற்கும். டீசலை மட்டும் பார்த்து வாடகை பேசுகிறவர்கள் அன்றைக்குத்தான் கடன் வாங்க ஓடுவார்கள் என்று அப்பா சொல்வார்.

வலப்பக்கத்துக் கணக்கு வேறு மாதிரி. வருஷத்து நின்ன செலவு 36,500 என்று வைத்துக்கொண்டால் நாளைக்கு 100 ரூபாய். ஆனால் வண்டி வருஷத்தில் 180 நாள்தான் ஓடுகிறது. ஆகவே ஓடுகிற ஒவ்வொரு நாளும் 203 ரூபாயைச் சுமக்க வேண்டும். தன்னுடைய நூறையும், பக்கத்தில் சும்மா நின்ற நாளின் நூறையும். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த எனக்கு இந்த இடம் புரிய நேரமானது. 36,500-ஐ ஏன் 365-ஆல் வகுக்காமல் 180-ஆல் வகுக்கிறீர்கள் என்று கேட்டேன். "நின்ன நாளுக்கு எவன் வாடக தருவான், ஏட்டி?" என்றார். 1987-ல் வாங்கிய தன் வண்டியைக் கொண்டுபோனது டீசலோ டயரோ இல்லை, நின்ற நாட்கள்தான் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அதனால்தான் அந்தச் செலவுக்கென்று பாதிப் பக்கத்தை ஒதுக்கியிருந்தார்.

2012-ல் நாங்கள் கார் வாங்கப் புறப்பட்டபோது எனக்குக் கல்யாணமாகி மதுரையில் குடியிருந்தேன். கணக்குப் பிரிவில் வேலை. கணவர் கல்லூரி ஆசிரியர். மகனுக்கு ஆறு வயது. மழையில் ஸ்கூட்டரில் மூன்று பேர் நனைந்துகொண்டு போவது அவருக்குப் பொறுக்கவில்லை. ஸ்விஃப்ட் வாங்கலாம் என்று முடிவாயிற்று. பெட்ரோலா டீசலா என்பதில்தான் பேச்சு.

அந்த வருஷம் கேட்டவர்களெல்லாம் டீசல் என்றார்கள். காரணம் உண்டு. 2010 ஜூனில் பெட்ரோல் விலையின் மீதான அரசுக் கட்டுப்பாடு நீங்கிவிட்டது. டீசலுக்கு நீங்கவில்லை. 2012 ஜூலையில் பெட்ரோல் 72 ரூபாயை ஒட்டியும் டீசல் 44 ரூபாயை ஒட்டியும் இருந்தது. லிட்டருக்கு 28 ரூபாய் இடைவெளி. போதாததற்கு டீசல் வண்டி கூடுதல் மைலேஜும் தரும். டீசல் ஸ்விஃப்டுக்கு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். கணவரின் நண்பர்கள் எல்லோரும் லிட்டர் விலையைச் சொல்லியே பேசினார்கள், நாங்களும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

அப்பா ஒரு விசேஷத்துக்காக மதுரை வந்திருந்தார். ராத்திரி சாப்பாடு முடிந்து, இலையைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவர் மருமகனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மாப்ள, வருசத்துக்கு எத்தன கிலோமீட்டர் ஓட்டுவிய?"

அவர் யோசிக்கவே இல்லை. "தெரியலையே மாமா. ஒரு பத்தாயிரம், பன்னிரண்டாயிரம்?"

அப்பா பென்சிலை எடுத்தார். வேலைக்கு நான் பஸ்ஸில் போகிறேன், அவர் ஸ்கூட்டரில் போகிறார், அது மாறப்போவதில்லை. மாதம் ஒருமுறை தென்காசி. போக 160, வர 160. வருஷத்துக்கு 3,840. ஞாயிற்றுக்கிழமைக் கோயில், கடைத்தெரு, கல்யாணம் எல்லாம் சேர்த்தால் இன்னொரு இரண்டாயிரம். கிட்டத்தட்ட 6,000 கிலோமீட்டர். கணவர் மறுத்துப் பார்த்தார். ஒவ்வொரு பயணமாகச் சொல்லச் சொன்னார் அப்பா. அதற்கு மேல் ஏறவில்லை.

அடுத்தது மைலேஜ். விளம்பரத்தில் பெட்ரோலுக்கு 18.6, டீசலுக்கு 22.9 என்று ஏ.ஆர்.ஏ.ஐ. என்ற வாகனச் சோதனை அமைப்பு சான்று அளித்த எண்கள். அது ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மேல் வண்டியை ஓட்டி எடுக்கிற அளவு. அங்கே கோரிப்பாளையத்துச் சிக்னலும் இல்லை, ஏ.சி.யும் இல்லை. அப்பா அதில் கால்வாசிக்குச் சற்றுக் குறைவாகக் கழித்தார். பெட்ரோலுக்கு 14, டீசலுக்கு 18 என்று வைத்துக்கொண்டோம். (வண்டி வந்த பிறகு, டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் பலமுறை பார்த்தேன். 14 சரியாகவே இருந்தது.)

72-ஐ 14-ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு 5 ரூபாய் 14 காசு. 44-ஐ 18-ஆல் வகுத்தால் 2 ரூபாய் 44 காசு. டீசலில் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 70 காசு மிச்சம். பாதிக்கும் மேல் மிச்சம் என்று கணவருக்கு முகம் மலர்ந்தது. டீசல் வண்டி ரோட்டில் இறங்கும்போது 1,10,000 ரூபாய் அதிகம். அந்தக் கூடுதல் தொகையையும் கடனில்தான் வாங்கப்போகிறோம். 11 சதவீத வட்டியில் ஐந்து வருஷம் கட்டினால் அது 1,43,500 ஆகும். தவிர டீசல் வண்டிக்கு சர்வீசும் இன்சூரன்சும் வருஷத்துக்கு மூவாயிரம் கூட வரும் என்றார் அப்பா.

6,000 கிலோமீட்டருக்கு மிச்சம் 16,200. அதில் 3,000 போனால் 13,200. 1,43,500-ஐ 13,200-ஆல் வகுத்தேன். பத்தே முக்கால் வருஷத்துக்கும் மேல் வந்தது.

அப்பா அதே கணக்கை இன்னொரு முறை போடச் சொன்னார், இந்தத் தடவை டாக்சி ஓட்டுகிறவருக்கு. மாதம் 5,000 கிலோமீட்டர். மாத மிச்சம் 13,500. கூடுதல் சர்வீசுக்கு 250 கழித்தால் 13,250. நமக்கு ஒரு வருஷத்தில் கிடைப்பது அவருக்கு ஒரே மாதத்தில் கிடைக்கிறது.

"ஒனக்குப் பதினோரு வருசம், அவனுக்குப் பதினோரு மாசம்," என்றார் அப்பா. "வண்டி ஒண்ணுதான். ஓட்டம் வேற."

இப்போதும் யாராவது என்னிடம் எந்தக் கார் வாங்கலாம் என்று கேட்டால், நான் விலையையோ மைலேஜையோ கேட்பதில்லை. எத்தனை கிலோமீட்டர் என்றுதான் கேட்கிறேன். பெரும்பாலோர் என் கணவரைப் போலவே இரட்டிப்பாகத்தான் சொல்கிறார்கள். வாங்கப்போகும் காரில் நாம் போகப்போவதாக நினைக்கும் ஊர்கள் எப்போதும் அதிகம். ஒவ்வொரு ஊராக எழுதச் சொன்னால்தான் உண்மையான எண் வெளியே வரும்.

பெட்ரோல் வண்டியே வாங்கினோம். ரோட்டில் இறங்கிய விலை 5,60,000. கையில் 1,60,000, கடன் 4,00,000. கடன் வாங்கித் தருவதாக வந்த ஓர் இளைஞர், வங்கி 11 சதவீதம் கேட்கிறது, நாங்கள் 6 சதவீதத்தில் தருகிறோம் என்றார். எனக்கு உடனே அந்தத் துண்டுத்தாள் நினைவுக்கு வந்தது. "முழுத் தொகைக்கும் ஐந்து வருஷமும் ஆறு சதவீதமா?" என்று கேட்டேன். ஆமாம் என்றார். 4,00,000-க்கு வருஷம் 24,000, ஐந்து வருஷத்துக்கு 1,20,000, மொத்தம் 5,20,000. மாதம் 8,667. வங்கியின் 11 சதவீதத்தில் மாதத் தவணை 8,697. ஆறுக்கும் பதினொன்றுக்கும் இடையே இருந்தது முப்பது ரூபாய். அந்த இளைஞர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். ஆனால் இருபத்தைந்து வருஷம் கழித்தும் அதே துண்டுத்தாள் வேறு கையில் இருந்ததைப் பார்த்து எனக்கு ஆற்றாமையாக இருந்தது. கடன் வாங்கும் ஒவ்வொருவருக்கும் பள்ளிக்கூடத்திலேயே இந்த ஒரு கணக்கைச் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும்.

டீசல் கணக்கு அதற்குப் பிறகு இன்னும் மாறிற்று. 2013 ஜனவரியிலிருந்து மாதம் ஐம்பது காசு என்று டீசலை ஏற்ற அனுமதித்தார்கள். 2014 அக்டோபரில் அதன் கட்டுப்பாடும் நீங்கியது. 28 ரூபாய் இடைவெளி கரைந்துகொண்டே வந்தது. 2024-ல் சென்னையில் பெட்ரோல் 100 ரூபாய்க்குச் சற்று மேல், டீசல் 92 ரூபாய். பதினோரு வருஷம் நீடிக்கும் என்று நம்பி விலை இடைவெளியின் மேல் பணத்தைப் போட்டவர்கள் பலர். எங்கள் தெருவிலேயே மூன்று பேர்.

வண்டி எங்களுக்கு நன்றாகத்தான் உழைத்தது. மகனுக்கு டெங்கு வந்த ராத்திரி, ஒன்றரை மணிக்கு, பத்து நிமிஷத்தில் ஆஸ்பத்திரி வாசலில் இருந்தோம். அன்றிலிருந்து கணவர் காரைப் பற்றிய எந்தக் கணக்கையும் காதில் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றார். இதைப் போய் எப்படி ரூபாயில் சொல்வாய் என்று என்னிடம் கேட்டார். அப்பாவிடம் சொன்னேன். அவர் அதைத் தள்ளவில்லை. "அதையும் எழுதணும்லா? ராத்திரில வண்டி வாசல்ல நிக்குத தைரியத்துக்கு மாசம் எவ்ளோ தருவிய? ரெண்டாயிரம் தருவியளா? ரெண்டாயிரம்னு எழுது. எழுதாம விட்டா அது கணக்க முழுங்கிரும்." அப்பாவைப் போலவே எங்கள் காருக்கும் நான் எழுதிவந்த நோட்டில், வலப்பக்கத்தில் 'ராத்திரி தைரியம்' என்று ஒரு வரி வந்தது அப்படித்தான். அதற்கு எதிரே 2,000 என்று கணவரே தம் கையால் எழுதினார். கார் வைத்திருப்பதில் ஆசையும் உண்டு, பயமும் உண்டு, அந்தஸ்தும் உண்டு. எதுவுமே தப்பில்லை என்றுதான் நினைக்கிறேன். எவ்வளவுக்கு வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்சூரன்சில் ஒரு சின்ன விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஒருநாள் பம்பர் உரசிற்று. சரிசெய்ய 4,000 ரூபாய். எல்லோரும் கிளெய்ம் போடச் சொன்னார்கள். ஐந்து வருஷம் கிளெய்ம் இல்லாததால் எங்களுக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதத் தள்ளுபடி இருந்தது. ஆண்டுக்கு 3,500 ரூபாய். கிளெய்ம் போட்டால் அது அடுத்த புதுப்பித்தலில் பூஜ்யமாகிவிடும். பிறகு 20, 25, 35, 45 என்று ஒவ்வொரு வருஷமாக ஏறித்தான் மறுபடி 50-க்கு வர வேண்டும். 4,000-க்காகப் பல வருஷத் தள்ளுபடியை விட மனமில்லை. கையிலிருந்து கொடுத்தோம்.

2020 மார்ச் 25-லிருந்து ஊரடங்கு. வேப்பமரத்தடியில் எங்கள் கார் நின்றது. பூவும் பழுத்த இலையும் கூரைமேல் விழுந்து காய்ந்தன. பேட்டரி இறங்கிவிட்டது. மாடியிலிருந்து பார்க்கும்போதெல்லாம் எனக்கு மாசி மாதத்து ஸ்டாண்ட் ஞாபகம் வரும். ஒரு மத்தியானம் எட்டு வருஷத்து நோட்டையும் எடுத்துவைத்துக் கூட்டினேன்.

வாங்கிய விலையில், அன்றைய நிலவரத்துக்கு விற்றால் வரக்கூடிய 2,60,000-ஐக் கழித்தால் 3,00,000 போயிற்று. கடன் வட்டி 1,21,820. இன்சூரன்ஸ் 92,000. இது மூன்றும் வலப்பக்கம்: 5,13,820. பெட்ரோல் 2,45,000, சர்வீசும் டயரும் பேட்டரியும் 1,10,000, இடப்பக்கம் 3,55,000. மொத்தம் 8,68,820. ஓடியது 48,000 கிலோமீட்டர்.

கிலோமீட்டருக்கு 18 ரூபாய் 10 காசு. அதில் பெட்ரோல் வெறும் 5 ரூபாய் 10 காசு. எட்டு வருஷமும் பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம் புலம்பியிருக்கிறோம். மீதிப் பதிமூன்று ரூபாயைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. நின்ன செலவை மட்டும் நாளுக்கு வகுத்தேன். 176 ரூபாய். ஓடினாலும் ஓடாவிட்டாலும், எட்டு வருஷம், தினமும். கையிலிருந்து போட்ட 1,60,000-க்கு வங்கியில் வந்திருக்கக்கூடிய வட்டியை நான் சேர்க்கவில்லை. ராத்திரி தைரியத்தையும் கழிக்கவில்லை.

கணவர் சொன்னார்: தென்காசிக்கு டாக்சி வைத்தால் போகவர 320 கிலோமீட்டருக்கு, கிலோமீட்டர் 12 ரூபாய் வீதம் 3,840, படி 400, ஆக 4,240. நம் வண்டியில் போனால் பெட்ரோலும் சர்வீஸ், டயர் செலவும் சேர்த்து 2,370-தானே? அவர் சொன்னதும் சரி. ஏற்கெனவே வாசலில் வண்டி நிற்பவருக்கு அடுத்த பயணம் கிலோமீட்டருக்கு 7 ரூபாய் 40 காசுதான் ஆகும். நின்ன செலவை அவர் எப்படியும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் வண்டியே இல்லையென்றால் அந்தப் பயணம் 4,240. வண்டியை வைத்துக்கொண்டு அதே பயணத்துக்கு முழு அடக்கம் 5,792. கார் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் சொந்த வண்டியே மலிவு என்று தோன்றுவது இந்த இடத்தில்தான். அவர்கள் இடப்பக்கத்தை மட்டும் பார்க்கிறார்கள். நானும் நோட்டு கையில் இருந்தும் எட்டு வருஷம் கூட்டிப் பார்க்காமல் இருந்தேன்.

அதே நாட்களில் அப்பா தென்காசியிலிருந்து போனில் ஒரு கணக்கு கேட்டார். பக்கத்து வீட்டுப் பையன், கடனில் வாங்கிய டாக்சி, சவாரி அடியோடு இல்லை. ரிசர்வ் வங்கி அறிவித்தபடி தவணையை ஆகஸ்டு வரைக்கும் தள்ளிவைக்கலாம் என்கிறார்கள், தள்ளிவைக்கட்டுமா என்று கேட்கிறான். பாக்கி 5,00,000, வட்டி 12 சதவீதம். மாதம் ஒரு சதவீதம். ஆறு மாதம் கட்டாவிட்டால் பாக்கி 5,30,760 ஆகும் என்றேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "டியூதான் தள்ளிப் போகுது. வட்டி தள்ளிப் போகல," என்றார். பிறகு, "முப்பதாயிரம் கூடுனாலும் வண்டி அவன் வாசல்ல நிக்கும்லா," என்றார். தள்ளிவைக்கச் சொன்னார். கையில் எப்போது ஆயிரம் இரண்டாயிரம் வந்தாலும் வங்கியில் போய்க் கட்டிவிடச் சொன்னார். அந்தப் பையனின் வண்டி இன்றைக்கும் ஸ்டாண்டில் ஓடுகிறது.

அந்த வருஷக் கடைசியில் எங்கள் காரை விற்றோம். 2,60,000-க்கே போயிற்று. கணவர் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. ராத்திரி தைரியத்துக்காக, தெருவிலிருந்த ஆட்டோக்காரர் ஒருவரிடம் எந்த நேரமும் கூப்பிடலாம் என்று பேசிவைத்துக்கொண்டோம்.

2021-ல் அப்பா கண் அறுவைக்காக மதுரை வந்து தங்கியிருந்தார். ஊருக்குத் திரும்ப ஒரு டாக்சி பேசினேன். ஒருவழி, 160 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 13 ரூபாய், படி 300. ஆக 2,380. வந்த டிரைவருக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. பையை டிக்கியில் வைத்துக்கொண்டிருந்தவனிடம் அப்பா கேட்டார்.

"திரும்புகாலுக்கு ஆள் இருக்காப்பா?"

"இல்ல தாத்தா. சும்மாதான் வரணும்."

"அப்ப முன்னூத்தி இருவது கிலோமீட்டர் ஓட்டுத." என் பக்கம் திரும்பினார். நான் மனத்துக்குள்ளேயே வகுத்துவிட்டிருந்தேன். 7 ரூபாய் 44 காசு. எங்கள் நோட்டின் இடப்பக்கத்து எண்ணுக்கு நான்கு காசு மேலே.

"டீசலுக்கும் டயருக்கும் சரியாப் போச்சு," என்றார் அப்பா. "மாசம் டியூ எவ்ளோ கட்டுத?"

அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். பதினோராயிரத்துச் சில்லறை. மாதத்தில் பத்து நாள் நிற்கிறது என்றான்.

அப்பா என்னிடம் எதுவும் சொல்லவில்லை. நான் உள்ளே போய் இன்னும் ஆயிரம் ரூபாய் எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தேன். எதுக்குக்கா இது என்றான். திரும்புகாலுக்கு என்றேன்.

அப்பா முன்சீட்டில் ஏறிக்கொண்டார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மீட்டருக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், ஒவ்வோர் எண்ணாக உரக்கப் படித்தார். நான் வாசலில் நின்றபடி எழுதிக்கொண்டேன்.